உப்புப் பாட்டி வீடு: கனசாவா நாட்குறிப்பு

அக்டோபர் 31, வெள்ளி இரவு

விடுதியில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களை வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வைக்கும் ஏற்பாடு ஒன்று இங்கே, ஜப்பானின் கனசாவா நகரில், உண்டு. நவம்பர் 3 பண்பாட்டு நாள், அரசு விடுமுறை. அது இந்த வருடம் திங்கட்கிழமையில் வருவதால் எனக்கு வாய்த்தது நீண்ட வார இறுதி. அன்றன்றைக்குத் தூங்கப் போகும் முன் எழுதிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஜப்பானிய வாக்கியத்துக்கு நாள் முழுக்க யோசித்த மூளை இது, தமிழ் கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு சாய் ஆற்றுக்குத் தெற்கே, கோயில்கள் வரிசையாக நிற்கும் தெராமாச்சி மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா, அம்மா, எட்டாம் வகுப்புக்குச் சமமான வகுப்பில் படிக்கும் பெண், அப்புறம் அப்பாவின் அம்மா. பாட்டியை ஒபாச்சான் என்று கூப்பிடச் சொன்னார்கள். வாசலில் கழற்றிப் போட்ட என் செருப்பைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டாள்.

கையில் மக்ரூன் டப்பா. தூத்துக்குடிக்காரன் வெளிநாட்டுக்கு வேறு என்ன கொண்டுவருவான்? முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தக் கூம்புகளில் பாதி விமானத்திலேயே நொறுங்கிவிட்டன. அம்மா இரு கையாலும் வாங்கிக்கொண்டு நேராக உள்ளறைக்குப் போய், வீட்டுப் பூஜை மாடத்தின் முன் வைத்தார். வந்த பொருள் முதலில் அங்கேதான் போகுமாம், பிறகுதான் மனிதர் வாய்க்கு. அந்த மாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆள் உயரக் கறுப்பு அலமாரி. கதவைத் திறந்தால் உள்ளே அத்தனையும் தங்கம். ஜப்பானில் செய்யப்படும் தங்க ரேக்கில் ஏறக்குறைய 99 சதவீதம் இந்த ஒரு ஊரில்தான் தயாராகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இங்கே பெரும்பாலோர் ஜோதோ ஷின்ஷு பௌத்தர்கள். ஊதுபத்தியை நிற்க வைக்காமல், ஒடித்துச் சாம்பலில் படுக்க வைக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில்தான் வேடிக்கை. திட்ட அலுவலகத்திலிருந்து போன தாளில் 'இந்தியர், சைவம்' என்று யாரோ எழுதிவிட்டார்கள். ஜப்பானிய சமையலில் சைவம் எவ்வளவு சிரமம் என்பது சமைத்தால்தான் தெரியும். ரசம் மாதிரித் தெளிவாக இருக்கும் சூப்பின் அடியிலும் காய்ந்த சூரை மீனின் சீவல் இருக்கும். அம்மா இரண்டு நாளாக யோசித்து, கொம்பு என்கிற கடற்பாசியை மட்டும் ஊற வைத்து சூப் வைத்திருந்தார். தாமரைத் தண்டைத் துருவி ஆவியில் வேக வைத்தது, கோரோஜிமா வள்ளிக்கிழங்கு தெம்புரா, டோஃபு. எல்லாமே நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்காக மொத்தக் குடும்பமும் சைவம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"எங்க ஊர் கடற்கரை. நான் தினமும் மீன் சாப்பிடுவேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி மெல்ல எழுந்து போய் குளிர்பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். உப்பும் தவிடும் போட்டு மாதக்கணக்கில் ஊறிய சாளை மீன். கொன்கா இவாஷி என்று பெயர். லேசாக வாட்டி, சோற்றின் மேல் ஒரு துண்டு. நம் சாளைக் கருவாடுதான், கூடக் கொஞ்சம் புளிப்பு. நான் இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டதும் அப்பா தனக்கு ஒரு பியரைத் திறந்துகொண்டார்.

குளியல் விருந்தாளிக்கு முதலில். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், ஏனென்றால் அதே தண்ணீரில் வீடு முழுக்க ஒருவர் பின் ஒருவராக ஊறுகிறார்கள். 41 டிகிரி. எல்லோரும் முடித்த பிறகு அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவனுக்கு இந்த வீட்டின் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

நவம்பர் 1, சனி

காலையில் முதல் சோறு மாடத்துக்கு, சின்னப் பித்தளைக் கிண்ணத்தில். பாட்டி மணி தட்டிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மாடத்தின் முன் இருந்த மக்ரூன் இப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது. பெண் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, பள்ளி வாத்தியக் குழுப் பயிற்சிக்கு ஓடினாள். சனிக்கிழமைதான். அதை இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்பா என்னைக் கென்ரோகுயென் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஜப்பானின் மூன்று பெரும் தோட்டங்களில் ஒன்று என்பதால் எல்லாப் பயணப் புத்தகத்திலும் இருக்கும், நான் அளக்கப் போவதில்லை. இஷிகாவா மாகாணவாசிகளுக்குச் சனி, ஞாயிறு கட்டணம் இல்லை, என் வசிப்பிட அட்டையும் செல்லுபடியானது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாங்கள் போனது கயிறு கட்டுவதைப் பார்க்க. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1 அன்றுதான் தொடங்குகிறார்கள்.

கரசாக்கி பைன் என்ற பெரிய மரம். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட மயேதா குடும்பத்தின் 13ஆவது பிரபு பிவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து வளர்த்தது. மரத்தின் நடுவே உயரமான கம்பங்களை நட்டு, உச்சியில் ஆட்கள் ஏறி நின்று வைக்கோல் கயிறுகளைக் கீழே எறிகிறார்கள். கீழே நிற்பவர்கள் ஒவ்வொரு கயிற்றையும் ஒரு கிளையில் கட்டுகிறார்கள். இந்த ஒரு மரத்துக்கு மட்டும் சுமார் 800 கயிறு. இந்தப் பகுதியில் விழும் பனி ஈரப் பனி. கனம் அதிகம், அப்படியே விட்டால் கிளை முறிந்துவிடும். காய் பாரத்தில் ஆப்பிள் கிளைகள் ஒடியாமல் இருக்கக் கட்டிய முறைதான் இங்கே வந்ததாம். பனியே இன்னும் வரவில்லை, நான் அரைக்கைச் சட்டையில் நிற்கிறேன், இவர்கள் பனிக்குக் கயிறு கட்டுகிறார்கள்.

நடுவில் மழை. அப்பா இரண்டு குடை கொண்டுவந்திருந்தார். 'சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று இங்கே ஒரு சொல் உண்டாம். வருடத்துக்கு 2400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர், சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் அதில் கால் பங்கு பெய்தாலே தெருவில் முழங்கால் தண்ணீர்.

மதியம் ஒமிச்சோ சந்தை. 300 வருடம் தாண்டிய சந்தை, இன்று பாதிக் கூட்டம் சுற்றுலாக்காரர்கள். ஒரு கடல் சிப்பியைக் கையில் வைத்துப் படம் எடுத்து, எடுத்து, பிறகு சாப்பிடுகிறார்கள். அப்பா அவர்களைக் கடந்து உள்சந்துக்குப் போய்விட்டார். அங்கே விலை வேறு. நோதோகுரோ என்ற சிவப்பு மீனின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு நான் தள்ளி நின்றேன். ஃபுகுராகி நல்ல விலைக்கு இருந்தது. வளர்ந்தால் பூரி எனப்படும் மீனின் சிறுவயதுப் பருவம் இது. நம் பாறை மீனின் குடும்பம்தான். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், வயிற்றை அமுக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இங்கே வாங்கும் முன் மீனைத் தொடக் கூடாது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தானே செவுளைத் திறந்து காட்டினார். இரத்தச் சிவப்பு. வாங்கிவிட்டோம்.

நண்டைத் தேடினேன். "வியாழக்கிழமை" என்றார் கடைக்காரர். பனி நண்டுப் பருவம் நவம்பர் 6ஆம் தேதி திறக்கிறது, அதற்கு முன் படகு போகாது. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன்.

காலையில் அம்மாவும் அப்பாவும் ஊர்ச் சங்க வேலைக்குப் போய்விட்டார்கள், தெருச் சாக்கடை சுத்தம். நானும் வருகிறேன் என்றதற்கு அம்மா விடவில்லை. பாட்டியும் பேத்தியும் நானும் வீட்டில். பாட்டி பேசுவது நோதோ தீபகற்பத்தின் வட்டார வழக்கு. எனக்குப் பத்தில் மூன்று வார்த்தை பிடிபடும். பேத்தி அதைப் பாடப்புத்தக ஜப்பானியத்தில் திருப்பிச் சொன்னாள்.

உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பாட்டி கேட்டார். உப்பளத்தில் என்றேன்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பாட்டி நோதோ முனையில் இருக்கும் சுசு ஊர்க்காரர். அவர் பிறந்த வீட்டிலும் உப்புத்தான் தொழில்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. சுசுவின் கடற்கரையில் அகெஹாமா என்றொரு முறை. களிமண் தளத்தின் மேல் மணல் பரப்பிய களம். இரண்டு மர வாளிகளைக் காவடியாகத் தூக்கிக் கடல்நீர் கொண்டுவந்து, சின்ன மரத்தொட்டியால் அந்த மணல் மேல் விசிறி இறைக்க வேண்டும். பாட்டி சமையலறையில் எழுந்து நின்று இறைத்துக் காட்டினார். இடுப்பைத் திருப்பி, கையை முழுசாகச் சுற்றி. தண்ணீர் சொட்டுச் சொட்டாக, மூடுபனியாக விழ வேண்டுமாம், குட்டையாக விழுந்தால் மணல் சரியாகக் காயாது. தண்ணீர் சுமக்க மூன்று வருடம், இறைக்கப் பத்து வருடம் என்பார்கள். வெயிலில் காய்ந்த மணலைக் களத்தின் நடுவே ஒரு பெட்டியில் குவித்து, மேலே கடல்நீர் ஊற்றினால் அடியில் கெட்டியான உவர்நீர் வடியும். அதைப் பெரிய இரும்புக் கொப்பரையில் விறகுத் தீயில் காய்ச்சி, வடிகட்டி, மறுபடி காய்ச்சினால் உப்பு. கடைசிக் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும்.

பிறகு என் முறை. நாங்கள் சுமப்பதில்லை, போர் போட்டு நிலத்தடி உவர்நீரை மோட்டாரில் எடுக்கிறோம். அது பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் கெட்டியாகிறது. உவர்நீரின் அடர்த்தி காட்டும் மீட்டரை மிதக்க விட்டு டிகிரி பார்ப்பார்கள். 25 வாக்கில் வந்தால் பாத்தியில் உப்பு விளையும். அப்புறம் வாரி, கரையில் அம்பாரம் குவிப்பது. கைப்பேசியில் என் அப்பா அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன்.

"விறகு?" என்றார் பாட்டி.

"விறகே கிடையாது. வெயில் மட்டும்தான்."

நம்பவில்லை. பேத்தியிடம் மறுபடி கேட்கச் சொன்னார். முழு உப்பும் வெயிலிலேயா? ஆமாம். காய்ச்சவே மாட்டீர்களா? மாட்டோம். பாட்டி அம்பாரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மழையும் மேகமும் மிகுந்த கரையில் சூரியனால் பாதி வேலைதான் முடியும், மீதியை மலையிலிருந்து வெட்டிவந்த விறகுதான் முடிக்கும். அவருடைய வீட்டில் வேலையின் பெரும்பாதி விறகு வெட்டுவதும் அடுக்குவதும். "அவ்வளவு வெயில் இருந்தால் நாங்கள் ராஜாவாக இருந்திருப்போம்" என்றார். உப்பள வெயிலில் வாரும் பெண்களின் கண்களும் பாதங்களும் என்ன ஆகின்றன என்று சொன்னேன். தலையை ஆட்டினார். சுசுவில் ராஜாவானவர்கள் வேறு என்றும் சொன்னார். 17ஆம் நூற்றாண்டில் மயேதா பிரபுக்கள் உப்புக்காரர்களுக்கு முன்பணமாக அரிசி கொடுத்து, விளைந்த உப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். முந்தைய நாள் நான் வாய்பிளந்து பார்த்த தோட்டமும் அந்தப் பிரபுக்களுடையது.

இப்போது பருவம் முடிந்துவிட்டது, குளிர்காலத்தில் களம் கிடையாது என்றார். எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். அங்கே வடகிழக்குப் பருவமழை, பாத்தியெல்லாம் மழைநீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை. தமிழக அரசு தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரமா என்று பேத்தி யென்னில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

பாட்டி இப்போது ஏன் கனசாவாவில் இருக்கிறார் என்பதை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். 2024 ஜனவரி 1, மாலை 4:10. புத்தாண்டுக்கு மகன் குடும்பம் முழுக்க சுசுவுக்குப் போயிருக்கிறது. நிலநடுக்கம், ஜப்பான் வானிலை நிறுவனத்தின் கணக்கில் 7.6 என்று செய்தியில் படித்திருப்பீர்கள். பெரும் சுனாமி எச்சரிக்கை வந்து, எல்லோரும் மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். இந்த இடத்தில் பேத்தி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அவளும் அன்று அந்த வீட்டில்தான் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டி தன் வழக்கிலேயே தொடர்ந்தார். நான் பிடித்த வரைக்கும் எழுதுகிறேன்: வீடு விழுந்தது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அதே வருடம் செப்டம்பர் மழையில் மறுபடி வெள்ளம். இப்போது அந்த இடம் வெறும் மனை.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. அந்த நிலநடுக்கத்தில் நோதோவின் வடகரை எழும்பிவிட்டது. சில இடங்களில் 4 மீட்டர் வரை. துறைமுகத்தின் அடித்தரை வெளியே வந்தது. உப்புக் களங்களுக்கு முன்னால் இருந்த கடல் தள்ளிப் போய்விட்டது. தண்ணீர் எடுக்க இப்போது அதிக தூரம் போக வேண்டும். சுனாமி என்றால் கடல் உள்ளே வரும், அது எனக்குத் தெரியும். கடல் போய்விடும் என்று நான் யோசித்ததே இல்லை. உப்புக்காரனுக்கு இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. 2004இல் உங்கள் ஊர் எப்படி என்று பாட்டி கேட்டார். குறுக்கே இலங்கை இருந்ததால் நாகப்பட்டினம் பட்ட பாடு நாங்கள் படவில்லை என்றேன்.

சாயங்காலம் சமையல் என் பொறுப்பு. ஃபுகுராகி குழம்பு. புளியும் ஊரில் என் அம்மா அரைத்துக் கொடுத்த குழம்பு மிளகாய்த்தூளும் விடுதி அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்தேன். தேங்காய்ப்பால் டப்பாவில் கிடைத்தது. சின்ன வெங்காயம் இல்லை, பெரியதை வைத்து ஒப்பேற்றினேன். மிளகாய்த்தூளைப் போட்டதும் புகைபோக்கி விசிறியை அம்மா முழு வேகத்தில் வைத்தார், ஜன்னலையும் திறந்தார், பிறகு முற்றத்துக்குப் போய் இருமிவிட்டு வந்தார். சோறு இந்த மாகாணத்தின் ஹியாகுமன்கோகு அரிசி, ஒட்டும் அரிசி. குழம்பு அதில் இறங்கவே மாட்டேன் என்றது. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை வாங்கினார். பேத்தி தயிர் கேட்டாள், கிடைத்தது இனிப்புத் தயிர்.

பாட்டி ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். எழுந்து அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துவந்து, சுசு உப்பை இரண்டு விரலால் எடுத்துத் தன் கிண்ணத்தில் தூவினார்.

"உப்புக்காரன் பிள்ளை உப்புக் குறைவாகப் போடலாமா?" என்றார். குறைவுதான். நானும் தூவிக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

பண்பாட்டு நாள். பண்பாட்டுக்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போனோம். அப்பாவும் நானும் 18 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாக்களை நிரப்பி வந்தோம். வந்ததும் மாடியிலிருந்து கொத்தாட்சுவை இறக்கிப் போட்டோம். அடியில் ஹீட்டர் பொருத்திய தாழ்வான மேசை, அதன் மேல் மெத்தை விரிப்பு. காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பேத்தி அங்கேயே வீட்டுப்பாடம் எழுதி, அங்கேயே தூங்கினாள்.

இன்று முதல் முறையாக எனக்கு வேலை கொடுத்தார்கள், பாத்திரம் கழுவ. குப்பையில் எது எந்தப் பை என்று அம்மா ஒரு சுவர்த்தாளைக் காட்டி விளக்கினார். எரியும் குப்பைக்கு நகராட்சி விற்கும் பைதான் போட வேண்டும், 2018இலிருந்து அது காசு. மீன் முள்ளைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைக்கச் சொன்னார், குப்பை வண்டி வரும் நாள் வரை நாறாமல் இருக்க. இதை ஊரில் சொன்னால் எங்கள் தெருப் பூனைகள் சாபம் விடும்.

மாலையில் பேருந்து நிறுத்தம் வரை எல்லோரும் வந்தார்கள். அப்பா சொன்னார்: வியாழன் இரவு கனசாவா துறையில் நண்டின் முதல் ஏலம், வெள்ளி காலை சந்தைக்கு வந்துவிடும், வெள்ளி மாலை வகுப்பு முடிந்ததும் நேராக வந்துவிடு. முட்டையோடு இருக்கும் சின்னப் பெண் நண்டுதான் இந்த வீட்டில் எல்லோருக்கும் பிடிக்குமாம். தன் சிறுவயதில் அது பிள்ளைகளின் சாயங்காலத் தின்பண்டம் என்கிறார் பாட்டி, இன்றைய விலையைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறதாம்.

பாட்டிக்கு ஒரு கோரிக்கை இருந்தது. விறகு தொடாத உப்பு வேண்டும். தூளாக்கியது வேண்டாம், பாத்தியிலிருந்து வாரியபடியே.

விடுதிக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். என் அப்பா மழைக்கு ஒதுங்கி டீக்கடையில் இருந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஏலே, ஜப்பான சுத்தி கடல்தானல? அங்க போயி உப்ப பார்சல் அனுப்பச் சொல்லுதியே" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மழைக்கு முந்தி வாருனது அம்பாரத்துல மூடிக் கெடக்கு. நல்ல கல்லா பாத்து எடுக்கேன். எவ்வளவு வேணுமாம் அந்த ஆச்சிக்கு?" என்று கேட்டார்.

ஒரு கிலோ என்று சொல்லியிருக்கிறேன்.